இருப்புப் பதிவேட்டில் ஒரு மீன்

யோகலட்சுமி டீச்சர் பரிணாமப் பாடத்தை நடத்தாமல் விட்ட ஆண்டுகளில், ஆய்வுக்கூடத்துப் புட்டியில் செத்துக் கிடந்த மீனுக்கு ஒவ்வொன்றாக ஏதாவது முளைத்தது. ஜெலுத்தோங் கடற்கரைச் சேற்றில் துள்ளித் திரியும் சாதாரண மீன்தான். யாரோ பிடித்து, பார்மலினில் போட்டு, அலமாரியில் வைத்திருந்தார்கள். 1997இல் அதற்கு முழங்கை வந்தது. 2001இல் கழுத்து. ஓர் உயிர் தன் ஆயுளுக்குள் பரிணாமம் அடையாது, செத்த உயிர் அடையவே அடையாது என்பது டீச்சருக்குத் தெரியும். விடைத்தாளில் யாராவது அப்படி எழுதினால் அவரே பூஜ்யம் போட்டிருப்பார். ஆனாலும் முளைத்தது.

"டீச்சர், மீனுக்குக் கை வந்திருச்சுலா. ஸ்டாக் புக்ல என்ன எழுதுறது?" என்று கேட்டார் ஆய்வுக்கூட உதவியாளர் அப்துல் ரஹீம்.

"உள்ளத எழுதுங்க, அண்ணே."

'மீன், 1' என்பதை அடித்துவிட்டு 'மீன், கையோடு, 1' என்று எழுதினார். சோதிக்க வந்த அதிகாரி எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை சரியாக இருந்ததால் டிக் போட்டுவிட்டு மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடப் போனார்.

அந்தப் பாடத்துக்காகவே விலங்கியல் படித்தவர் டீச்சர். வேலைக்குச் சேர்ந்த ஆண்டு வகுப்பில் பாடப்புத்தகத்தில் அதைத் திறந்து தலைப்பை மட்டும் வாசித்தார். அந்த வாரமே பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூடியது. கேண்டீன் எண்ணெயை மாற்றுவதா வேண்டாமா என்று மூன்று ஆண்டுகள் சண்டை போட்ட சங்கம் அது. கோயில்காரர்கள், பள்ளிவாசல்காரர்கள், தேவாலயக்காரர்கள் எல்லோரும் நான்கே நிமிடத்தில் ஒற்றுமையாகி, புத்தகத்தில் அந்தப் பாடத்தின் பதினொரு பக்கங்களையும் ஸ்டேப்பிள் அடித்து மூடிவிடச் சொன்னார்கள். ஸ்டேப்பிள் ஊசிப் பெட்டிகள் சங்கத்தின் அன்பளிப்பு. தலைமையாசிரியர், "ஏன் டீச்சர் வம்பு? சோதனையிலயும் பெருசா வராதே," என்றார். டீச்சர், "சரி சார்," என்றார். அந்தச் 'சரி சார்' அவர் வாயில் ஊசிப்போன குழம்பாகத் தங்கிவிட்டது. ஓய்வு பெறுவதற்குள் ஒரே ஒரு முறையாவது அந்தப் பாடத்தை நடத்திவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் தனக்கென்று கேட்டது. அதையும் ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளினார். நல்ல சேவைக்கான சான்றிதழ் இரண்டு முறை கிடைத்தது.

2008இல் மீனுக்கு விரல்கள் வந்தன. உடனே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்கூட வந்து விரல்களை எண்ணி, நாலு நம்பர் லாட்டரிக்கு எழுதிவிட்டுப் போனார்கள். ஏன் முளைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. 2016இல் இமை. 2022இல் காது. அந்தக் காதுக்கும் யாரும் எதையும் சொல்லித் தரவில்லை.

கடைசி ஆண்டு. சங்கத்தின் இப்போதைய தலைவர் சிவகுருநாதன் வந்து, "டீச்சர், என் மக மிதுஷாவுக்கு டாக்டர் சீட் வேணும். பழைய கேள்வித்தாளை மட்டும் பாருங்க, போதும்," என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் தலையாட்டினார். ஓய்வுக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் நடந்த வகுப்புக்குள் போய், புத்தகத்தின் ஸ்டேப்பிள் ஊசிகளை நகத்தால் பிடுங்கினார். விரல் கிழிந்தது. ரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தார்.

"டீச்சர், இது சோதனையில வருமா?" என்றாள் மிதுஷா.

"வராது."

முப்பத்தொரு நோட்டுகள் மூடின. முப்பத்தொரு பழைய கேள்வித்தாள்கள் வெளியே வந்தன. அப்போது மீன் புட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு அலமாரியிலிருந்து இறங்கி வந்து, ஈரம் சொட்டச் சொட்ட முன் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்தது. மாணவர்கள் பார்மலின் நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கேள்விகளைத் தொடர்ந்தார்கள். நாற்பது நிமிடம் மீன் ஒன்றுதான் பாடத்தைக் கேட்டது. டீச்சருக்கு இருபத்தெட்டு ஆண்டுகளில் அப்படி ஒரு வகுப்பு அமைந்ததில்லை.

"இதுக்கெல்லாம் பிறகுதான் நாம வந்தோம்," என்று அவர் முடித்தார்.

மீன் மெதுவாகத் திரும்பியது. குனிந்திருந்த முப்பத்தொரு தலைகளைப் பார்த்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு நழுவிய தலைமையாசிரியரைப் பார்த்தது. கடைசியாக டீச்சரைத்தான் நெடுநேரம் பார்த்தது. பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, நடந்துபோய்ப் புட்டிக்குள் இறங்கி, உள்ளிருந்தே மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டது.

திங்கட்கிழமை பார்த்தபோது காது இல்லை, இமை இல்லை, கழுத்து இல்லை. கை இருந்த இடத்தில் துடுப்பு. அப்துல் ரஹீம் பழைய வரியை அடித்துவிட்டு 'மீன், 1' என்று எழுதி, பதிவேட்டை நீட்டினார். மீன் எடுத்த முடிவில் டீச்சருக்குத் தவறு எதுவும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டார்.