அடித்தல் விழுந்த அட்டை

1

கங்காதரன் என்பது அவர் பெயர். எழுதத் தொடங்குமுன் பேனா முனையை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொள்வதும், எழுதியதை ஒருமுறைகூட அடிக்காதிருப்பதும் அவர் பழக்கங்கள். (அந்த இரண்டாம் பழக்கத்தால் உண்டான பொறாமையிலேயே இக்கதை பிறந்தது. நான் ஒரு வாக்கியத்தை ஐந்து முறை அடிப்பவன்.)

ஏரியின் எந்த இடத்தில், எந்த நாளில், எந்த வீட்டார் வலையிடலாம் என்னும் முறைக்குக் கோட்டைக்குப்பத்தில் 'பாடு' என்று பெயர். பாடு எழுதும் நோட்டில் அடித்தலோ கிழிசலோ நேர்ந்தால், எழுதும் பொறுப்பு வேறு கைக்கு மாறும். இஃது ஊர்க்கட்டு. பத்தொன்பது ஆண்டுகளாக அப்பொறுப்பு கங்காதரனுடையது.

2

1979ஆம் ஆண்டில் பழைய நோட்டு நைந்துபோயிற்று. மகள் காந்தா சென்னையிலிருந்து கெட்டி அட்டையிட்ட, கோடிட்ட நோட்டொன்றை வாங்கிவந்தாள். அட்டையில் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவரின் கையெழுத்துப் பிரதி அச்சிடப்பட்டிருந்தது. பத்து வரிகளில் ஏழு அடிக்கப்பட்டவை.

ஏரியின்மேல் அன்று காலை வெயில் வெள்ளித் தகடென—

[இவ்வாக்கியத்தைக் கைவிடுகிறேன். கங்காதரன் ஏரியைப் பார்க்கவேயில்லை, பழைய நோட்டிலிருந்து பெயர்களைப் பெயர்த்தெழுதிக்கொண்டிருந்தார்.]

இறந்தவர் பெயரைப் பாடு நோட்டில் எழுதலாகாது. ஆகவே, சென்ற மாதம் இறந்த தாமோதரனைத் தாண்டினார். அவ்விடத்தில் தாமோதரன் மனைவி ஜெயம்மாவின் பெயரை இடவேண்டும் என்பதை மறந்து, அடுத்திருந்த பூபதியை அங்கும் எழுதிவிட்டார்.

3

பட்டியலை ஊரார் முன் படித்ததும் ஜெயம்மா எழுந்தாள்.

“இன்னாண்ணே, எங்க ஊட்டுப் பாடு எங்க போச்சி? ஆளு செத்தா வலையும் செத்துப்போச்சா? என் தம்பி வலை போடமாட்டானா?”

“எழுதனது எழுதனதுதான்,” என்றான் பூபதி. பின்பு அட்டையைப் பார்த்து, “இன்னா நைனா இது, அட்டை பூரா அடிச்சி அடிச்சி வச்சிக்கீது?”

“பெரிய எழுத்தாளராம்பா,” என்றார் கங்காதரன்.

“நம்மூர்ல இருந்தா அவுரு கையில நோட்டே குடுத்திருக்க மாட்டோம்.”

எல்லோரும் சிரித்தனர். ஜெயம்மா சிரிக்கவில்லை.

4

முடிவுகள் இரண்டு எழுதினேன். முதலாவதில் ஜெயம்மா அடுத்த ஆண்டுவரை காத்திருக்கிறாள். இரண்டாவதில் பூபதி மனமிரங்கி விட்டுக்கொடுக்கிறான். முன்னது கொடிது, பின்னதைப் பூபதியை அறிந்த எவரும் நம்பார். இரண்டையும் அடித்தேன். மூன்றாவதை வாசகரே எழுதிக்கொள்ளட்டும் என்று என் பேனாவை மூடினேன்.

கங்காதரன் தம்முடையதைத் திறந்தார். முனையை வேட்டி ஓரத்தில் துடைத்தார்.

“பூபதி பேர அடிச்சிட்டு உன் பேர எழுதறேம்மா. வர்ற வருசத்துக்கு வேற யாரானா எழுதட்டும்.”