சந்திரகலாவின் நல்ல கண்

1

மூளைச் செல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக. "இரண்டு செல்கள் சேர்ந்து வேலை செய்யச் செய்ய அவற்றுக்கு இடையிலான இணைப்பு வலுக்கும், வேலையில்லாத இணைப்பு நைந்துபோகும்" என்று எழுதி முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. உங்களை என்ன சொல்ல! கிழித்துப்போட்டுவிட்டு முதலியார்பேட்டையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொண்டேன்.

2

1978. காத்தவராயன் மில்லில் தறி ஓட்டுகிறவன். மகள் சந்திரகலாவுக்கு ஐந்து வயது. இடது கண்ணில் பார்வை மங்கல். டாக்டர் சொன்னார்: "கண்ணுல கோளாறு இல்ல. மூளை வலது கண்ண மட்டுமே நம்பிப் பழகிடுச்சு. நல்ல கண்ண மூடிவைங்க, அப்பதான் இது வேலை செய்யும். சின்ன வயசுலயே செய்யணும். விட்டா வராது."

காத்தவராயன் வீட்டுக்கு வந்து மகளின் இடது கண்ணைத் துணியால் கட்டி மூடினான்.

(வாசகரே, சிரிக்காதீர்கள். மில்லில் கோளாறான தறியைத்தான் நிறுத்துவார்கள். நல்ல தறியை நிறுத்துகிற பைத்தியம் உண்டா? டாக்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டார் என்று இவனே திருத்திக்கொண்டான்.)

3

சில மாதம் கழித்து அடுத்த தடவை போனபோது டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கினார். கண் இன்னும் மங்கியிருந்தது. கூடப் போன அவன் மனைவி கொளஞ்சி, வீடு வந்ததும் துணியை வலது கண்ணுக்கு மாற்றினாள். குழந்தை சுவரில் முட்டிக்கொண்டு அழுதது.

"பெத்த புள்ளய குருடாக்கிப் பாக்குறியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று பாய்ந்தான் காத்தவராயன்.

"நீ பாவம் பாத்த லட்சணம்தான் தெரிஞ்சுதே. துணி மேல கை வச்சே, பாத்துக்க!"

கொளஞ்சியை எனக்குப் பிடித்துவிட்டது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

4

மறுநாள் காலை துணியை அவிழ்த்ததும் உலகமே பளிச்சென்று—

இல்லை, இது புளுகு. செல்கள் ஒரே நாளில் கூடிப்போவதில்லை.

காத்தவராயனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் தன்னால் வீணாய்ப்போன மாதங்களை நினைத்தால் துணியை அவிழ்க்கவும் கை வரவில்லை. மில் விட்டு வரும்போது கழிவு நூல் கொண்டுவந்து மகள் மடியில் போட்டான். "அறுந்த முனை எங்க இருக்குது, கண்டுபுடி." முடியாமல் அவள் வீசியடித்தாள். பொறுக்கிக் கொடுத்தான். மறுபடி வீசினாள். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. (மூளையையும் நூலையும் ஒப்பிட்டு இங்கே ஓர் அழகான வாக்கியம் வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.)

5

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் அவள் டாக்டரின் எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை வாசிக்கிறாள். மற்றதில் பாதியோடு நிற்கிறாள். எது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை மட்டும் யாரும் மாற்றக்கூடாது: டாக்டர் சொல்வதற்கு முன்பே காத்தவராயன் தன் உள்ளங்கையால் மகளின் நல்ல கண்ணைப் பொத்தினான்.

"படிம்மா, படி" என்று அவசரப்படுத்தினான்.

"இருப்பா" என்றாள் சந்திரகலா. "வருது."