குறை சொன்ன வீடு

நிம்மதியின் விலை அந்த வாரம் சதுர அடிக்கு ஏழாயிரத்து இருநூறு. கார் நிறுத்தும் இடம் தனி.

விற்றவள் ஒரு தையற்காரி. பதினான்கு மாடிக் கட்டடத்தின் மாதிரி வீட்டில் ஞாயிறுதோறும் அவளும் புருஷன் பெயிண்டரும் குடித்தனக்காரர்களாக உட்கார்ந்திருப்பார்கள். வாங்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்தால், "வாங்க வாங்க, நாங்க குடிவந்து எட்டு மாசமாச்சு" என்று வாயெல்லாம் பல்லாக நிற்க வேண்டும். ஆள் புழங்கும் வீடு என்று மணக்க வேண்டுமே, அதற்காக அடுப்பில் பால் காயும். பால் கம்பெனிக் கணக்கு, குடிக்கக் கூடாது. மற்றபடி கட்டடத்தில் முக்கால்வாசி வீடுகளில் பூட்டுதான் குடியிருந்தது. வாங்கிப்போட்டவர்கள் எல்லாரும் விலை ஏறட்டும் என்று எங்கேயோ காத்திருந்தார்கள்.

இந்தக் கூத்துக்கு அவர்கள் ஒத்துக்கொண்டது தரைத்தளத்தில் மோட்டார் அறையை ஒட்டிய சின்ன வீட்டுக்காக. "அந்த மூலையை எவன் வாங்குவான்? அட்வான்ஸா எழுபத்தஞ்சாயிரம் சேர்த்துக் கட்டுங்க, பழைய விலைக்கே உங்களுக்கு எழுதித் தர்றேன்" என்று விற்பனை மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக் கூலியை அவரிடமே விட்டுவைத்தார்கள். இன்னும் இரண்டு ஞாயிறு போனால் கணக்கு நிறையும்.

அவர்கள் இருந்த வாடகை அறையோ, ஊர் வளர வளரச் சுருங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் நடுவில் பலகை அடித்து மறுபாதியை வேறொருவருக்கு விட்டுவிட்டார். நாற்காலியைத் தூக்கித் தையல் மிஷின் மேல் வைத்தால்தான் இரண்டு பேர் கால் நீட்டலாம்.

அந்த ஞாயிறு மேலாளரோடு ஓர் இரும்புக்கடைக்காரர் வந்தார். சோபாவை அமுக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, இந்த ஊர்ல அப்படி என்னதான் இருக்கு?"

"வாசல்லயே பஸ்ஸு. ரயிலும் வரப்போகுது. கூப்பிடு தூரத்துல ஆஸ்பத்திரி. தெனம் எத்தனை பேர் பொழைப்பு தேடி வந்து இறங்குறாங்க தெரியுமா? வேலை கெடைக்குது, தலை சாய்க்க இடம் கெடைக்கல. நீங்க சொன்னதுதாங்க வாடகை."

கடைசி வரிக்கு அவள் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. இந்த விலை எனக்குக் கட்டாது. வாடகைக்கு விடுற மாதிரி சின்னதா ஏதாச்சும்?"

மேலாளர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "கீழே மோட்டார் அறைக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கு."

பெயிண்டருக்குப் புரை ஏறியது. தையற்காரி முந்திக்கொண்டாள்.

"ஐயோ, அதா? அது வேணாங்க! மோட்டார் சத்தம் மண்டையப் பொளக்கும். வெயில் எட்டிக்கூடப் பார்க்காது."

"ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சேங்க, சுவரு இன்னும் ஊறுது" என்று பெயிண்டரும் கூசாமல் தன் வேலையையே காட்டிக்கொடுத்தான்.

இரும்புக்கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது.

"முப்பது வருஷமா கல்லாவுல உட்கார்ந்திருக்கேன். வாங்காதவன் 'சரக்கு அருமை'ன்னு சொல்லிட்டு நடையக் கட்டுவான். துரு இருக்கு, வளைஞ்சிருக்குன்னு நொட்டை சொல்றவன்தான் பையில பணத்தோட நிப்பான். இவங்களுக்கு அது மேல கண்ணு சார். குடியிருக்கிறவங்களே கண்ணு வைக்கிற வீடு. எழுதுங்க."

அங்கேயே முன்பதிவுப் பணம் கை மாறியது. அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, அவள் மேலாளரைச் சமையலறைக்குள் இழுத்துவந்தாள்.

"எங்களுக்குன்னு சொன்னீங்களே சார்!"

"சொன்னேன். எழுதினேனா? உங்க காசு பத்திரமா இருக்கும்மா, இப்பவே வாங்கிக்குங்க."

வீட்டைப் பார்க்க எல்லாரும் கீழே இறங்கினார்கள். இரும்புக்கடைக்காரர் சுவரைத் தட்டினார், காய்ந்த சுவர். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, காதை வைத்துக் கேட்டால்தான் கேட்டது. அவர் ஒன்றும் கோபப்படவில்லை.

"உள்ளதைச் சொல்லு தாயி. மேல இருந்தது நடிப்புதானே?"

அவள் தலையாட்டினாள்.

"அப்ப நீங்களே இங்க வாடகைக்கு வந்துடுங்க. சத்தம், ஈரம் எல்லாம் தெரிஞ்ச ஆளுங்க. நாளைக்கு என்கிட்ட வந்து குறை சொல்ல மாட்டீங்க. ஒன்பதாயிரம். பத்து மாச முன்பணம்."

பெயிண்டர், தான் வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு, "என்ன சொல்ற?" என்றான். வேறு எங்கே போவது? அவள் விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள்.

மேலாளர் திருப்பிக் கொடுத்தது எழுபத்திரண்டாயிரம். விற்றுக்கொடுத்ததற்கு இனாம் இரண்டாயிரம். முன்பணம் தொண்ணூறாயிரம். குறைவது பதினாறாயிரம்.