தெய்சியாஸுக்கு ஒரு பாட்டன் கல்லறை

பதவிக் குலுக்கலில் என் மச்சான் தெய்சியாஸ் பெயருக்கு வெள்ளை மொச்சை விழுந்தது என்று ஆள் வந்து சொன்னபோது நான் கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். சிரித்த சிரிப்பில் வாளி கவிழ்ந்துவிட்டது. சந்தையில் ஈரப் பாலாடைக்கட்டி விற்கிறவன், ஈ ஓட்டவே நேரம் போதாதவன், வருகிற கோடையிலிருந்து ஏதென்ஸின் ஆட்சியாளன்! அதுவும் ஆண்டுக்கே பெயர் கொடுக்கிற ஆட்சியாளன். இனி ஊரில் பிள்ளை பிறந்தாலும் கப்பல் கட்டினாலும் "தெய்சியாஸ் ஆண்டில்" என்றுதான் எழுதுவார்கள். குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னது நான்தான். "சும்மா கொடுத்து வை மச்சான், உனக்கெங்க விழப்போகுது" என்றேன். என் வாய் அப்படிப்பட்ட வாய். இந்த வாயைப் பார்த்துத்தான் நாற்பது வயதுவரை எனக்கு ஒருத்தனும் பெண் கொடுக்கவில்லை.

தெய்சியாஸ் எனக்கு மாமன் மகன். என் தங்கை மெலித்தாவைக் கட்டியவன். ஆகவே அவன் அப்பாவைப் பெற்றவரும் என் அம்மாவைப் பெற்றவரும் ஒரே மனிதர்தான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்து தொலைத்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

முதல் இரண்டு நாள் மச்சானுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாலாடைக்கட்டியை அத்தி இலையில் சுற்றிக் கொடுக்கும்போதுகூட ஏதோ அரசாணை கொடுப்பதுபோல் கொடுத்தான். மூன்றாம் நாள் காலையில் முகம் வெளிறி என் கொட்டடிக்கு வந்து வைக்கோல்மேல் உட்கார்ந்தான். மொச்சை விழுந்தால் மட்டும் போதாது. ஐந்நூற்றுவர் மன்றத்தில் நிறுத்தி விசாரிப்பார்கள். அப்பன் யார், அப்பனைப் பெற்றவன் யார், அம்மா எந்த வீட்டுப் பெண், முற்றத்தில் பலிபீடம் இருக்கிறதா, பெற்றோருக்குச் சோறு போட்டாயா, வரி கட்டினாயா, போருக்குப் போனாயா என்று வரிசையாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. ஒன்றே ஒன்றுக்கு இல்லை. உன் குடும்பக் கல்லறை எங்கே?

எங்களுக்குக் கல்லறை கிடையாது. பெரிய போரின்போது ஸ்பார்ட்டாக்காரன் வயலைக் கொளுத்த, எங்கள் ஹலாய் ஊரே மூட்டை முடிச்சோடு நகரத்துச் சுவருக்குள் வந்து அடைந்தது. அடுத்து கொள்ளைநோய். பாட்டனை யார் யாரோடு சேர்த்து எந்தக் குழியில் போட்டார்கள் என்று என் அம்மாவுக்கே தெரியாது. கேட்டால் அழுவாள். அதனால் கேட்பதையே நிறுத்திவிட்டோம். மாமா சிசிலிக்குக் கப்பலேறிப் போனவர், எலும்புகூடத் திரும்பவில்லை. அத்தையை அவள் பிறந்த வீட்டார் தங்கள் நிலத்தில் வைத்துக்கொண்டார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஐந்நூறு பேர் முன்னாடி நின்னு, எங்க தாத்தன் எங்க கிடக்கிறார்னு தெரியாதுன்னு சொல்லப்போறியா? போன வருஷம் ஒருத்தனை இதுக்காகவே திருப்பி அனுப்பினாங்க. இன்னிக்கும் அவன் சந்தைக்கு வந்தா பொடிப்பசங்க 'தாத்தா எங்கே'ன்னு கத்துறாங்க."

"அப்ப என்னதான் பண்றது மாப்ள?"

"ஒரு தாத்தாவைத் தேடுவோம்."

குயவர் தெரு வாசலுக்கு வெளியே சாலையின் இரண்டு பக்கமும் கல்லறைகள்தானே. இரண்டு நாள் ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டே போனோம். எங்கள் வழக்கத்தில் மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயர்தான், ஆகவே தேடவேண்டிய பெயர் மச்சானின் பெயரேதான். இரண்டாம் நாள் சாயங்காலம், காளைச் சிலை வைத்த பணக்காரக் கல்லறை ஒன்றின் பின்னால், முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கல் நின்றது. "ஹலாய் ஊர் தெய்சியாஸ்." ஊர் பொருந்துகிறது, பெயர் பொருந்துகிறது. சுற்றிலும் களை மண்டிக் கிடந்ததால் சொந்தம் கொண்டாட ஆள் இல்லை என்றே முடிவு கட்டினேன்.

தெய்சியாஸ் அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதான். நான் திட்டினேன். ஒத்திகைக்கு இவ்வளவு அழுகை ஆகாது, மன்றத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வை என்றேன். அவன் காதில் விழவே இல்லை.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் போனான். களை பிடுங்கினான், கல்லைக் கழுவி எண்ணெய் தடவினான், நாடா கட்டினான், பாலும் தேனும் ஊற்றினான். பத்து நாளில் தாத்தாவைப் பற்றிக் கதைகளே சொல்ல ஆரம்பித்துவிட்டான். தாத்தாவுக்கு அத்திப்பழம் என்றால் உயிராம். இடது கால் கொஞ்சம் இழுக்குமாம். எங்கிருந்துடா தெரிந்தது என்று கேட்டால், தோன்றியது என்பான். கழுதைகளைக் காக்க வைத்துவிட்டு நானும் பக்கத்தில் நின்று அவனை வைதுகொண்டிருப்பேன். சாட்சி சொல்லப்போகிறவன் இடத்தைப் பழகிக்கொள்ள வேண்டாமா?

பெண்கள் தண்ணீர்க்குடமும் கூடையுமாகக் கல்லறைப் பக்கம் வருவது சகஜம். ஒருத்தி மட்டும் அடிக்கடி கண்ணில் பட்டாள். இருபது வயதிருக்கும், முக்காடு பழையது, நடை மட்டும் மிடுக்கு. கூடவே ஒரு கிழட்டு வேலைக்காரி. ஒருநாள் மச்சான் எண்ணெய் வாங்கக் கிளம்பியதும் அவள் என் அருகில் வந்து நின்றாள்.

"இவர் உங்களுக்கும் தாத்தாவா?" என்றாள்.

"எங்கம்மாவைப் பெத்தவர். அதோ போறானே, அவன் மகன் வழிப் பேரன். நான் மகள் வழி" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒத்திகை நன்றாக வந்ததில் எனக்கும் ரொம்ப சந்தோஷம்.

விசாரணை நாள் வந்தது. மெலித்தா அவனுக்கு வெளுத்த மேலாடை போர்த்தி, தலைக்கு எண்ணெய் வைத்து அனுப்பினாள். கல்யாணத்தன்றுகூட அவன் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்றாள். மன்றத்தில் படிப்படியாக ஐந்நூறு தலைகள். கேள்விகள் ஓடின. கல்லறை எங்கே என்றதும் மச்சான் கணீரென்று சொன்னான், குயவர் வாசலுக்கு வெளியே, காளைச் சிலைக்குப் பின்னால் என்று. சாட்சி என்றார்கள். நான் எழுந்து அது எங்கள் தாத்தாவின் கல்லறைதான், மகன் வழிப் பேரன் அவன், மகள் வழிப் பேரன் நான் என்று தண்ணீர் குடிக்கிற மாதிரி சொல்லி முடித்தேன்.

கடைசியாக, இவர்மேல் குறை சொல்ல யாராவது உண்டா என்று தலைவர் கேட்டார். சும்மா கேட்பதுதான். ஆனால் தடுப்புக்கு வெளியிலிருந்து ஒரு கிழவர் கையைத் தூக்கினார். தோரியன் என்று பெயர் சொன்னார். விலாங்கு மீன் விற்பவராம். சொல்லத் தேவையே இல்லை, வாடையே சொன்னது.

"குறை ஒண்ணுமில்லீங்க, நன்றி சொல்ல வந்தேன்" என்றார். "அந்தக் கல்லறை என் தங்கச்சி மாமனாரோடது. தங்கச்சியும் போயிட்டா, மச்சானும் போர்ல போயிட்டாரு. பிலின்னான்னு ஒரே பொண்ணு. கூடப்பிறந்த ஆம்பளை இல்ல. அப்பன் வழியில ஒருத்தருமே இல்லைன்னு நினைச்சு இத்தனை வருஷம் நான்தான் சோறு போட்டேன். இப்பப் பாருங்க, பெரியப்பன் மகனே கிடைச்சிருக்காரு."

மன்றம் கலகலத்தது. சட்டம் எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அப்பனும் உடன்பிறந்தானும் இல்லாத ஏழைப் பெண்ணை அப்பன் வழியில் மிக நெருங்கிய ஆண், அண்ணன் முறையே ஆனாலும், கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தன் சொத்துக்குத் தக்க சீர் கொடுத்து வேறு இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும். அதை மீறுகிறவனைப் பிடித்துக் கேட்பது யார் வேலை? ஆண்டின் ஆட்சியாளர் வேலை. மச்சான் தன்னைத் தானே பிடிக்க வேண்டும்.

சீர் கொடுப்பதென்றால் ஆடுகளும் கடையும் போகும், என் தங்கையின் மூன்று பெண்களும் தெருவில் நிற்பார்கள். கட்டிக்கொள்வதென்றால் மெலித்தாவை விலக்கி என் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஊரில் அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள், யாரும் காறித் துப்பியதில்லை. ஓர் ஆண்டுக்கே தன் பெயர் வைக்கப்போகிறவன் என்ன செய்வான்? நான் அவனையே பார்த்தேன்.

தெய்சியாஸ் என் பக்கம் திரும்பவில்லை. மேலாடையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டான், மெலித்தா வெளுத்ததை. பிறகு தொண்டையைச் செருமினான்.

"ஐயா, அந்தக் கல்லறை இருக்கே, அது வந்து..."

எனக்குப் புரிந்துவிட்டது. முட்டாள், உண்மையைச் சொல்லப்போகிறான். பதவி போகும், பொய் சொன்னவன் என்று பெயர் வரும், சாகும்வரை சந்தையில் "தாத்தா எங்கே" கேட்க வேண்டும். அத்தனைக்கும் தயாராகிவிட்டான், என் தங்கையைக் கைவிட மனமில்லாமல். நாற்பது வருஷத்தில் அவனை நான் ஒரு தடவையாவது மெச்சியிருந்தால் கேளுங்கள். அன்று மெச்சினேன். கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அவன் காலை நன்றாக மிதித்துவிட்டு நான் எழுந்தேன்.

"அது எங்க தாத்தா கல்லறைதான். மச்சானுக்கு ஏற்கெனவே வீட்டுல பொண்டாட்டி இருக்கு, என் தங்கச்சி. அவன் உரிமையை விட்டுக்கொடுத்தா அடுத்த முறை யாருக்கு?"

"அத்தை மகனுக்கு" என்றார் தலைவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆகலை."

"ஏன்?"

"பேசிப் பாத்தவங்க யாரும் திரும்ப வரலை."

ஐந்நூறு பேரும் சிரித்தார்கள். தோரியன் கிழவர் தடுப்பைத் தாண்டி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். விலாங்கு வாடை மூன்று நாள் போகவில்லை. விசாரணையில் மச்சான் தேறிவிட்டான். வெளியே வந்ததும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அந்த அழுகைக்கு மட்டும் நான் திட்டவில்லை.

அடுத்த முழுநிலவில் கல்யாணம். மணமக்கள் வண்டியை என் கழுதைகளே இழுத்தன. வீட்டுக்குள் வந்து, மணப்பெண் சடங்குப் பழத்தைக் கடித்து, எல்லோரும் பாடி முடித்துப் போனபிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. அனாதைப் பெண்ணை ஏமாற்றிவிட்டேனே என்று ஒரே உறுத்தல். அதனால் பிலின்னாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தத் தாத்தா எங்களுக்கு யாரோ, கல்லைப் படித்துக் கண்டுபிடித்த தாத்தா என்றேன்.

கல்லறையில் என்னைக் கேள்வி கேட்ட அதே பெண்தான் அவள்; முக்காட்டை எடுத்து மடித்தாள். "தெரியும். எங்க தாத்தாவுக்கு எங்கப்பா ஒரே பிள்ளை. அண்ணனும் இல்ல, தங்கச்சியும் இல்ல" என்றாள்.

எனக்கு வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"எங்க மாமா என்னை ஒரு கிழட்டு உப்பு வியாபாரிக்குப் பேசிட்டிருந்தாரு. அப்பதான் நீங்க ரெண்டு பேரும் கல்லைப் படிச்சுட்டே வந்தீங்க. அழுதவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. திட்டிட்டே நின்னவருக்கு ஆகலைன்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கத்தான் எனக்கு மூணு நாள் ஆச்சு."