நாற்பத்தொரு முறை பழுதான மின்விசிறி

எங்கள் பல்கலைக்கழகத்தில் யாரும் குடிப்பதில்லை. யாரும் புகைப்பதில்லை, கண்ட மாத்திரையை விழுங்குவதில்லை, எதையும் மூக்கால் இழுப்பதுமில்லை. ஐந்து வருடமாக இதைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவள் நான்தான். ஆண்டறிக்கையின் பதினேழாம் பக்கத்தில் 'போதை தொடர்பான நிகழ்வுகள்' என்ற வரிக்கு எதிரே ஒரு பூஜ்ஜியம். மாணவர் நலப் பிரிவின் மூத்த எழுத்தர் என்ற முறையில் அந்தப் பூஜ்ஜியம் நல்ல வட்டமாக வரவேண்டியது என் பொறுப்பு.

போதைத் தடுப்புக் குழுவின் தலைவர் ஒரு வேதியியல் பேராசிரியர். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பூஜ்ஜியம் சார். அவர் முன்னால் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்றாலும், கூப்பிட்டால் அவர் சந்தோஷப்படக்கூடும் என்றுதான் எனக்குத் தோன்றும். விடுதி மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காலி பாட்டில்கள் கிடந்தால் அது 'கண்ணாடிக் கழிவு' என்று துப்புரவுப் பிரிவுக்குப் போய்விடும். தேர்வு நேரத்தில் தூக்கம் வராமலிருக்க எதையோ போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் அது 'உணவு ஒவ்வாமை'. தேர்வுக்குத் தேர்வு இந்த ஒவ்வாமை ஏறிக்கொண்டே போனதால் விடுதிச் சமையல்காரரை இரண்டு முறை மாற்றினோம். பாவம், இரண்டு பேருமே நன்றாகச் சமைத்தார்கள்.

இதற்கு நடுவில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒரு ஆலோசகர் இருக்க வேண்டும் என்று. பூஜ்ஜியம் சாருக்கு முகம் சுண்டிவிட்டது. நோயாளியே இல்லாத இடத்தில் மருத்துவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். உத்தரவு உத்தரவுதானே. உடற்பயிற்சிக் கூடத்தின் பின்பக்கம், உடைந்த பந்துக் கூடைகளும் பழைய பதாகைகளும் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, ஒரு மேசை, மூன்று நாற்காலி, தலைக்கு மேலே ஒரு மின்விசிறி, வெளியே ஒரு நீள பெஞ்சு என்று ஏற்பாடாயிற்று. ஆலோசகராக ஒரு சின்னப் பெண் வந்தாள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள்.

அறை வாசலில் ஒரு பதிவேடு. தேதி, பெயர், துறை என்று மூன்று கட்டம் போதும் என்றார்கள். நான் அளவுகோலை வைத்துக் கோடு போட்டபோது வலப்பக்கம் நான்கு விரல் இடம் மிச்சமிருந்தது. தாள் வீணாகிறதே என்று 'வந்த காரணம்' என ஒரு கட்டத்தைச் சேர்த்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, முழுக்க முழுக்க என் சொந்தப் புத்தி.

முதல் மாதம் ஈ காக்கைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பெயரையும் எழுதி, 'குடியை விட முடியவில்லை' என்று காரணத்தையும் எழுதி வைத்துவிட்டு உள்ளே போக யாருக்குத்தான் மனசு வரும். இரண்டாம் மாதம் யாரோ ஒரு கெட்டிக்கார மாணவன் அந்தக் கட்டத்தில் 'மின்விசிறி பழுது' என்று எழுதிவிட்டு உள்ளே போனான். மறுநாள் வந்த பெண் 'மேற்படி' என்று எழுதினாள். அதற்கப்புறம் எல்லாம் மேற்படிதான். நூலக உதவியாளர், மேற்படி. மூன்றாமாண்டு மாணவர், மேற்படி. தத்துவத் துறை விரிவுரையாளர், மேற்படி. அந்த மனிதருக்கு மின்விசிறியின் சுவிட்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது.

ஆண்டறிக்கை எழுதுவதற்காகப் பதிவேடு என் மேசைக்கு வந்தபோதுதான் இதையெல்லாம் பார்த்தேன். நான் ஒன்றும் பச்சைக் குழந்தையில்லை, பார்த்த மாத்திரத்திலேயே புரிந்துவிட்டது. புன்னகையோடு பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவள், ஒரு பெயரில் நின்றுவிட்டேன். என் கணவருடைய பெயர். ஒரு தடவையில்லை, ஒன்பது வியாழக்கிழமை.

என் கணவர் இதே பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரீஷியன். எட்டு வருடமாகக் குடிக்கிறார். அலுவலகத்தில் போடுகிற பூஜ்ஜியத்தை நான் வீட்டிலும் போட்டுக்கொண்டிருந்தேன் என்று வையுங்கள். என் அக்கா வீட்டு விசேஷத்துக்கு அவர் வரவில்லையென்றால் அவருக்குக் காய்ச்சல். படியில் விழுந்து நெற்றியில் அடிபட்டால் ஏணி வழுக்கிவிட்டது. ஊருக்குத்தான் இந்தக் கதையெல்லாம். வீட்டுக்குள் நான் தனியாகக் காவல்துறை நடத்தினேன். அவர் கழற்றிப் போடும் சட்டையை முகர்வேன், கருவிப் பையைக் குடைவேன், ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் கைவிட்டுப் பார்ப்பேன். கடந்த இரண்டு மாதமாகச் சட்டையில் எந்த வாடையும் இல்லை. வாடையே வராத எதற்கோ மாறிவிட்டார் என்று நினைத்தேன். வியாழக்கிழமைதோறும் தாமதமாக வந்து, "ஆலோசகர் ரூம்ல ஃபேன் வேலை" என்பார். யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு தட்டை வைப்பேன்.

இப்போது பதிவேட்டில் அந்த வியாழக்கிழமைகள் ஒன்றுகூட விடுபடாமல் இருந்தன. மற்றவர்களெல்லாம் பொய் எழுதிய இடத்தில் என் வீட்டுக்காரர் ஒருவர்தான் உண்மையை எழுதியிருக்கிறார் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இவ்வளவு நாள் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது. யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, எல்லாவற்றையும் கூட்டி ஒரே வரியில் போட்டேன்: மின்விசிறி பழுது தொடர்பாக வந்தவர்கள், நாற்பத்தொன்று. மற்ற காரணம், எதுவுமில்லை.

செவ்வாய்க்கிழமை குழு கூடியது. கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. அதற்கென்று பூஜ்ஜியம் சாரே ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறார்: குறிப்பைப் பேனாவால்தான் எழுத வேண்டும், எழுதியதை அடித்தால் பக்கத்தில் தலைவர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

என் வரியைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, போதைக்குன்னு ஒருத்தர்கூட வரல. அந்த ரூமை இந்த மாசக் கடைசியோட மூடிடலாம்" என்றார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆலோசகர் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளே நடந்ததைச் சொல்ல அவளுக்கு அனுமதியில்லை, அது அவள் தொழில் தர்மம். வாயை மூடிக்கொண்டாள்.

வினை பதிவாளர் வடிவத்தில் வந்தது. அவர் எண்களை விடமாட்டார். "ஒரே ஒரு ஃபேன். அதுக்கு நாப்பத்தோரு தடவை பழுதா? பராமரிப்புப் பிரிவு என்ன தூங்குதா? எந்த எலக்ட்ரீஷியன் பாத்தாரு?" என்று பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒன்பது முறை வந்த பெயர் அவர் விரலில் மாட்டியது. உடனே ஆளை வரச் சொன்னார். யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நான் கூட்டிய கூட்டல், என் கணவரைத்தான் கொண்டுவந்து நிறுத்தியது.

அவர் ஸ்குரூடிரைவரோடு வந்து நின்றார். என்னைப் பார்த்தார், உடனே பார்வையை மேலே எடுத்துக்கொண்டார். குழு அறையின் மின்விசிறியைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். தொழில் பழக்கம்.

"அந்த ரூம் ஃபேனை ஒன்பது தடவை பாத்திருக்கீங்க. இன்னும் சரியாகலையா?" என்றார் பதிவாளர்.

"ஃபேன் நல்லாத்தான் ஓடுது சார்."

"அப்ப ஒன்பது தடவை எதுக்குப் போனீங்க?"

அவர் ஸ்குரூடிரைவரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். ஆலோசகர் பெண் நகத்தைக் கடித்தாள். பூஜ்ஜியம் சார் மடையரில்லை. அந்த மௌனத்தில் தன் பூஜ்ஜியத்துக்கு ஏதோ ஆபத்து இருக்கிறது என்று அவருக்குச் சட்டென்று தட்டுப்பட்டுவிட்டது. குரலில் தேனைக் குழைத்துக்கொண்டார்.

"எதுக்குங்க பெரிசாக்கணும். மேற்பார்வையாளர் பதவிக்கு உங்க பேருதான் முதல்ல இருக்கு. வேற ஏதாவது காரணம் கீரணம்னு வந்தா அது போயிடும். வேலைல கொஞ்சம் கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துடுங்க. ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதோட முடிஞ்சுது." சொல்லிக்கொண்டே தன் கையாலேயே நான்கு வரி எழுதி, தாளை மேசையில் தள்ளினார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒன்பது வியாழக்கிழமை, வாடையில்லாத சட்டைகள், இரண்டு மாதம். கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று மனசுக்குள் அவரைக் கெஞ்சினேன். போட்டுவிட்டால் பதவி வரும், நான் அக்காவிடம் சொல்லிவைத்த காய்ச்சல்கள் எல்லாம் காய்ச்சலாகவே இருக்கும். அந்த அறை மூடப்படும் என்பது அந்த நிமிடம் எனக்கு உறைக்கவில்லை. பொய் சொல்வானேன், உறைத்தது. இருந்தும் கெஞ்சினேன்.

அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு. மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"பழுது நீக்கத் தெரியாமல்னு போட்டிருக்கு."

"சும்மா ஒரு வார்த்தைதாங்க அது."

"இருபத்திரண்டு வருஷம் சார்" என்றார் என் கணவர். எட்டு வருடமாக நான் கேட்காத ஒரு குரல் அது. "இந்த வளாகத்துல நான் கைவச்ச ஃபேன் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. நாளைக்குப் பொடிப்பசங்க சொல்லுவாங்க, ஒரு ஃபேனை ஒன்பது தடவை பாத்தும் அவருக்குச் சரி பண்ணத் தெரியலன்னு. அதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். அந்த ஃபேன்ல பேரிங் சரியா இருக்கு, கெபாசிட்டர் சரியா இருக்கு. நான் ஃபேனுக்காகப் போகல சார். குடியை விடறதுக்காகப் போனேன். ஐம்பத்து மூணு நாளாத் தொடல. எழுதிக்கங்க."

அறையில் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் அவர் சரிசெய்ததுதான். குடிகாரன் என்ற பெயரைத் தாங்கிக்கொள்ள முடிந்த மனிதருக்கு, ஒரு மின்விசிறியைச் சரிசெய்யத் தெரியாதவன் என்ற பெயரைத் தாங்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு எழுதினேன்.

பூஜ்ஜியம் சார் என் பக்கம் சாய்ந்தார். "அம்மா, இதைக் குறிப்புல எழுத வேண்டாம்."

"எழுதிட்டேன் சார்."

"அடிச்சிடுங்க."

"அடிச்சிடறேன் சார். பக்கத்துல நீங்க காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும்." நோட்டை அவர் பக்கம் திருப்பி, பேனாவையும் மூடி திறந்து நீட்டினேன்.

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். எழுதுவதற்கு ஒரு காரணம் தேடினார். வெகுநேரம் தேடினார். அந்தச் சின்ன இடத்தில் உண்மையான காரணத்தை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பதை, பதிவேட்டுக் கட்டத்துக்குக் கோடு போட்டவளான நானும் அவரும் ஒரே சமயத்தில் தெரிந்துகொண்டோம். கடைசியில் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே நடைக்கூடத்தில் என் கணவர் கருவிப் பையை மூடிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எங்கிட்டகூடச் சொல்லலையே" என்றேன்.

"சொன்னேனே. வியாழக்கிழமை ஆலோசகர் ரூம்ல வேலைன்னு."

"குடியை விடறேன்னு சொல்லலையே."

"அதை முன்னாடி ஆறு தடவை சொல்லியிருக்கேன். இந்தத் தடவை நூறு நாள் ஆகட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்." பையின் வாரை இழுத்து மாட்டினார். "நீயும் சட்டையை மோந்து மோந்து பாத்துட்டிருந்த. அதுவே சொல்லிடும்னு நினைச்சேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. அந்தச் சட்டைகள் சொன்னதை நான் நம்பவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

அந்த வருட அறிக்கையில் பதினேழாம் பக்கத்தில் 'ஒன்று' என்று போட்டேன். ஒன்று இருப்பதால் ஆலோசகர் அறையை மூட முடியாது என்று பதிவாளரே சொல்லிவிட்டார், விதி அப்படி. ஒரே கூட்டத்தில் நான் பல்கலைக்கழகத்துக்குள் போதையைக் கொண்டுவந்துவிட்டதாகப் பூஜ்ஜியம் சார் என்னிடம் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மேற்பார்வையாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அன்று இரண்டு வேளை என் கணவர் சாப்பிடவில்லை. இன்றைக்குக் குடிக்கப் போய்விடுவார் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவர் போகவில்லை. வீட்டிலிருந்த பழைய மிக்ஸியைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

'வந்த காரணம்' கட்டத்தை எடுத்துவிடலாம் என்று நான் கொடுத்த மனு பரிசீலனையில் இருக்கிறது. நாற்பத்தொரு புகார் வந்த மின்விசிறியை மாற்றுவது என்ற தீர்மானம் மட்டும் ஒரே வாரத்தில் நிறைவேறி, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றிவிட்டுப் புதியது ஒன்றை மாட்டினார்கள்.

போன புதன்கிழமை மத்தியானம் என் கணவர் என் மேசைக்குத் தொலைபேசினார். "இன்னிக்கு லேட்டாகும். ஆலோசகர் ரூம்ல புது ஃபேன் ஆடுது, பாக்கணும்."

ஒரு அலுவலகக் கோப்பைக் கொடுக்கிற சாக்கில் நானும் அந்தப் பக்கம் போனேன். அவர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் குனிந்து, பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்: மின்விசிறி பழுது. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தத்துவ விரிவுரையாளர் நகர்ந்து இடம் கொடுத்து, "உக்காருங்க, தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார்.

"இல்ல சார், நான் நிஜமாவே ஃபேனுக்காகத்தான் வந்தேன்."

"எங்களுக்கும் அதேதாங்க" என்றாள் பக்கத்திலிருந்த மாணவி, மிகவும் பரிவாக.

அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஏணியை விரித்தார். அந்தப் பெஞ்சில் ஒருவர்கூட அவரை நம்பவில்லை. நான் கோப்பை மேசையில் வைத்துவிட்டுப் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.