லாபம், ரெண்டு, மூணு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், மக்களே. இது சத்தம் போட்டுச் சொல்லுகிற கதையில்லை. ஒரே ஒரு புத்தகத்தை ஏழு பேர் கைமாற்றி வாசித்த கதை. அதில் நாலாவது ஆளைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன், கேளுங்கள்.

நாலாவது ஆள் ஞானசெல்வி. இராஜாக்கமங்கலத்துக் கடற்கரையில் வீடு. புருஷன் கிளீட்டஸ் இறந்து மூன்று வருஷமாகிறது. ஒரே மகள் அபினா குவைத்தில் நர்ஸ். ஒரு நாள் வைத்த மீன்குழம்பு மூன்று நாள் வரும். அந்த வீட்டில் மனுஷக் குரல் கேட்பது சாயங்கால ஜெபத்துக்குத்தான், அதுவும் அவள் குரல். அம்மா இப்படி இருக்கிறாளே என்று அபினாதான் போனிலேயே பேசி, தக்கலையில் பொன்னுலிங்கம் அண்ணாச்சி நடத்தும் வாசகர் குழுவில் அவளைச் சேர்த்துவிட்டாள்.

அண்ணாச்சி வாங்குவது ஒரே பிரதி. பின்னட்டையில் ஏழு பேரின் பெயரும் ஊரும் போன் நம்பரும் ஒட்டியிருக்கும். வாசித்தவர் அடுத்தவரைக் கூப்பிட்டுப் புத்தகத்தைச் சேர்ப்பிக்க வேண்டும். பிடித்த இடத்தில் பென்சிலால் கோடு போடலாம். ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது.

“எழுதவிட்டா ஏழு பேரும் ஏழு நாவல் எழுதிருவிய” என்பார் அவர்.

அவள் கைக்கு வந்த முதல் புத்தகம் துருக்கியில் நடக்கிற நாவல், தமிழில் பெயர்த்தது. அதில் ஒரு வீட்டுக் கிழவி ஆர்மீனியக் குழந்தையாய்ப் பிறந்தவள். நூறு வருஷத்துக்கு முன்னால் அவள் சனத்தை ஊர் ஊராய்ப் பிடுங்கி, பாலைவனத்துக்கு நடத்திக் கொன்றார்கள். வழியில் ஒரு துருக்கி வீட்டார் அவளை எடுத்து, வேறு பெயர் வைத்து, வேறு மார்க்கத்தில் வளர்த்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் கிழவி வாதுமைக் கொட்டை எண்ணும்போது ரெண்டிலிருந்து துருக்கி மொழியில் எண்ணுவாள். முதல் எண்ணை மட்டும் ‘மெக்’ என்பாள். ஏதோ மந்திரம் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். ஆர்மீனிய மொழியில் அதுதான் ஒன்று.

அந்தப் பக்கத்துக்கு மேல் ஞானசெல்விக்கு அன்றைக்கு வாசிப்பு ஓடவில்லை.

பிறக்கும்போது ஞானசெல்வியின் பெயர் முத்துக்கனி. தோவாளையில் பூ வியாபாரம் செய்த வீடு. பத்தொன்பது வயதில் கிளீட்டஸோடு வந்தாள். மாதா கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானசெல்வி ஆனாள். அன்றிலிருந்து முப்பத்தெட்டு வருஷமாக முத்துக்கனி என்று கூப்பிட ஆளில்லை. கிழவியை இழுத்துக்கொண்டு போனார்கள், இவள் தன் காலால் நடந்து வந்தவள். அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியாமலில்லை. வந்த புதிதில் மீனைக் கூறு வைக்கும்போது, அம்மை தாமரை மொட்டு எண்ணுகிற மாதிரியே, “லாபம், ரெண்டு, மூணு” என்று எண்ணுவாள்; வியாபார வீடுகளில் ஒன்று என்பதற்குப் பதில் லாபம். மாமியார் சிரிப்பாள்.

“ஒண்ணு எங்கட்டி? தோவாளையில வச்சிட்டு வந்திட்டியா?”

ஞானசெல்வி பென்சிலைத் தேடி எடுத்து, ‘மெக்’குக்குக் கீழே ஒரு கோடு போட்டாள்.

முடித்துவிட்டுப் பின்னட்டையைத் திருப்பினாள். ஐந்தாவது பெயர்: செல்லக்கனி, தோவாளை.

அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். நம்பரைப் பதிந்து வாட்சாப்பில் படத்தைப் பார்த்தாள். அம்மை முகம். அம்மையின் மூக்குத்திகூட. வீட்டை விட்டு வரும்போது பதினாலு வயதாயிருந்த, ‘ஏட்டி’ என்றே இவள் கூப்பிட்ட தங்கச்சி. ஞானசெல்வியின் படத்தில் மாதாதான் இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மூன்று நாள் கூப்பிடவில்லை. “நாலாம் நம்பர் தூங்குதா?” என்று அண்ணாச்சி குழுவில் போட்டார். அதற்கப்புறம்தான் கூப்பிட்டாள்.

“ஹலோ, யாரு? புஸ்தகமா?”

“ஆமா. ஞானசெல்வி. ராஜாக்கமங்கலம்.”

“சொல்லுங்கக்கா. உங்க பக்கத்துலேருந்து வாற புஸ்தகத்துல மீன் வாடை அடிக்குமாமே?”

யாரையும் கூப்பிடுகிற அக்காதான் அது. பஸ்ஸில், கடையில், மீன்காரியை. இருந்தாலும் ஞானசெல்வி அதை மனசுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

“உங்க கைக்கு வந்தா பூ வாடை கேறும்லா. சரியாப் போவும்” என்றாள்.

செல்லக்கனி சிரித்தாள். சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு, முடிவில் ஒரு விக்கல்.

“நான் நேருல வந்து வாங்கிக்கிடட்டா? ராஜாக்கமங்கலம் நான் பாத்ததில்ல. எங்க வீட்டு ஆளு ஒருத்தி அந்தக் கடற்கரையிலதான் எங்கயோ உண்டும்.”

“ஆருன்னு சொன்னா விசாரிக்கலாம்.”

“பேரு எடுக்கக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. அவரும் போயாச்சு, அம்மையும் போயாச்சு. ஆனாலும் வாயில வரமாட்டேங்குதுக்கா.”

அம்மை போன செய்தி ஞானசெல்விக்கு அப்போதுதான் தெரிந்தது.

“நீங்க வரவேண்டாம், அலைச்சல்” என்றாள். “குடுத்து விடுதேன்.”

வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்லக்கனி சொன்ன பூக்கடையில் மறுநாள் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். பஸ்ஸில் மடி வெறுமையாக இருந்தது. நேரில் வரட்டும் என்று சொல்லியிருந்தால் என்ன? வந்து, அடையாளம் கண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால்? அதற்குப் பிறகு இந்த அக்கா என்ற சொல்லும் இருக்காது.

பதினோரு நாள் கழித்து, விடிந்து வெயில் ஏறும்போது போன் வந்தது. பின்னால் தோவாளைப் பூச்சந்தை இரைச்சல்.

“முடிச்சிட்டேன்க்கா.”

“எப்படி இருந்துது?”

“மெக்குக்குக் கீழ கோடு நீங்களா போட்டது?”

“முன்ன மூணு பேரு வாசிச்சாவளே.”

“அவங்க மூணு பேருட்டயும் கேட்டாச்சு. அவங்க இல்ல. எங்க அம்மை லாபம்னுதான் எண்ணத் தொடங்குவா. கடையில நானும் அப்படித்தான். நீங்க எப்படி எண்ணுவிய, அக்கா?”

இது எந்த அக்கா? மீன்காரியைக் கூப்பிடுகிற அக்காவா, கூடப் பிறந்தவளைக் கூப்பிடுகிற அக்காவா? சொல் ஒன்றுதான், எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ‘ஒண்ணுன்னுதான்’ என்று சொல்லிப் போனை வைத்துவிடலாம். பிறகு அடுத்த புத்தகம் வரும், அடுத்த அக்கா வரும். அதுபோதும் என்று இருந்துவிடலாம்.

“லாபம்னுதான், ஏட்டி” என்றாள் முத்துக்கனி.

அந்தப் பக்கம் யாரோ பிச்சிப்பூ கேட்டார்கள். திரும்பவும் கேட்டார்கள். ஞானசெல்வி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

“ரெண்டு” என்றாள் செல்லக்கனி, சின்னக் குரலில்.

மூன்றை இருவருமே சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை.

சரி, எழும்பிப் போங்கள், மக்களே. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தக் கரையில் போய் இருந்தாலும், பெற்றவள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட அவர்களுக்கு ஒரு வாய் இருக்கட்டும். உங்கள் வீட்டாரை எண்ணுகிறவர்கள் லாபத்தில் தொடங்கி, ஒருத்தரையும் விட்டுவிடாமல் எண்ணி முடிக்கட்டும்.