சந்தனம் வைத்த ஷவர்

எங்கள் வீட்டுக் குளியலறைக்கு வெளியே ஒரு பூட்டு தொங்கும். சாவி என் மாமியார் காத்தாயியின் சுருக்குப்பைக்குள், வெற்றிலையோடு கிடக்கும்.

என் புருஷன் அன்பரசன் சிங்கப்பூரில் பணக்காரர்களின் அடுக்குமாடி வீடுகளில் குழாய் மாட்டுகிறவர். அடுத்தவன் குளிக்கப்போகிற ஷவரை மாட்டி, ஒழுகுகிறதா என்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு, தங்குகிற இடத்தில் வரிசையில் நின்று குளிக்கிற ஆள். அந்த ஆத்திரம் பெட்டி பெட்டியாக ஊருக்கு வந்து இறங்கியது. சோற்றுத் தட்டைவிட அகலமான பொன்னிற ஷவர். இடுப்புக்கும் முதுகுக்கும் சுவரிலிருந்து பீய்ச்சுகிற குழாய்கள். உள்ளே தடுப்புக்கு ஒரு கண்ணாடிக் கதவு. கும்பகோணத்திலிருந்து வந்த ஃபிட்டர் ஷஹ்பாஸ், வீடியோ காலில் இவர் கத்தக் கத்த எல்லாவற்றையும் மாட்டினான். அதற்கென்றே போர் போட்டு மாடியில் டேங்க் ஏற்றினோம். மழைக்கு ஒழுகுகிற சமையல்கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

வேலை முடிந்த அன்று அத்தை ஷவருக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, சூடம் கொளுத்தினாள். புது டிராக்டருக்குச் செய்வது போல. அதோடு விட்டிருக்கலாம். பொட்டு வைத்த இடமாகிவிட்டதாம், தூரமான பொம்பளை உள்ளே கால் வைக்கக் கூடாதாம்.

"குளிக்கிற எடத்துக்கு என்னத்த தீட்டு?" என்றேன்.

"எம்மவன் வந்து மொதல்ல நிக்கட்டும். அப்புறம் நீ ஆடு, பாடு."

அவரிடம் சொன்னால் அவருக்கு வேறு கவலை. "தண்ணியில உப்பு கெடக்கு கனி. தைக்கு வந்து ஃபில்டர் போடுறேன். அதுவரைக்கும் தொறக்காதீங்க. பட்டா கறை போவாது."

ஆக, நடவு முடிந்து தொடைவரை சேற்றோடு வருகிற நானும் அத்தையும் பம்புசெட்டுத் தொட்டிக்கே போனோம். கல்யாணம் ஆனதிலிருந்து அங்கேதான் குளியல். பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டி, துணிக்கு மேலேயே சோப்புப் போட்டு, உள்ளே கை விட்டும் விடாமலும் ஒரு குளியல். எந்த இடத்தில் அழுக்குப் போயிற்று, எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று நமக்கே தெரியாது. எனக்குப் பொன்னிற ஷவர் வேண்டாம். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போதும்.

பம்புசெட்டு நிலத்துக்காரர் சென்னையில். இங்கே அவருக்குக் காரியம் பார்ப்பவர் இராஜாங்கம். மோட்டார் கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பொம்பளைகள் வயலிலிருந்து கரையேறுகிற நேரத்துக்குச் சரியாக மோட்டார் போட்டுவிடுவார். நல்ல மனுஷர் என்று அத்தை சொல்லுவாள்.

அன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள். துணி கசகசவென்று தொடையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சேற்றின் வாடை, இரத்த வாடை, அட்டைக்குப் போட்ட புகையிலைத் தண்ணி வாடை எல்லாம் என்மேலேயே. அத்தை இடுப்பு வலி என்று முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள். தொட்டியில் இறங்கிப் பாவாடையை நனைத்தேன். முதுகைத் திருப்பியவள் எதற்கோ சட்டென்று திரும்பினேன். இராஜாங்கத்தின் ஃபோன் என்னைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. அவர் முகம் ஃபோனுக்குப் பின்னால்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல புள்ள. மழ வருமான்னு பாக்குறேன்."

"மழ என் முதுவுலயா வருது?"

சிரித்தார். வெற்றிலைச் சாறு கடைவாயில் வழிந்தது. அதைப் புறங்கையால் துடைத்து வேட்டியில் தேய்த்தார். "புருஷன்தான் தங்கத்துல குழாய் வச்சுக் குடுத்துருக்கானாமே. அப்புறமும் இங்க வர்றீங்களேன்னு பாத்தேன். பம்புசெட்டுல ஆசை விடல போல."

அந்தத் தண்ணீரில் எத்தனை நாள் நின்றிருக்கிறேன், அந்த ஆள் எத்தனை நாள் மழை பார்த்திருக்கிறார்! ஈரப் பாவாடைமேல் சேலையைச் சுற்றிக்கொண்டு, பாதிச் சேற்றோடு வரப்பில் ஏறினேன்.

வீட்டில் பக்கத்துத் தெரு பூவம்மாள் குளியலறை பார்க்க வந்திருந்தாள். கதவு விரியத் திறந்து கிடந்தது. அத்தை செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே நின்று கோயில் சுற்றிக் காட்டுவது போலக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏ காத்தாயி, இதுல நின்னா ஐப்பசி மழ மாதிரி கொட்டுமா?"

"மழையாவது. வெந்நி மழடி! சிங்கப்பூர் சாமான்."

"ரெண்டு பேரும் வெளிய வாங்க" என்றேன்.

அத்தை என் காலைப் பார்த்தாள். பளிங்குத் தரையில் சேறு. சேற்றோடு இன்னொன்றும் கணுக்காலில் இறங்கியிருந்தது. "அடியே! தூரமா இருந்துக்கிட்டு எங்கடி வர்ற? பொட்டு வச்சிருக்குடி!"

அவளை விலாவில் பிடித்து வெளியே நகர்த்தினேன். பூவம்மாள் தானாகவே குதித்து ஓடினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.

சேலையை அவிழ்த்தேன். பாவாடையையும். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் உடம்பில் ஒன்றும் இல்லாமல் நான் தண்ணீருக்கு அடியில் நின்றதில்லை. ஷவர்த் திருகைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். திருகினால் முதலில் காற்று இருமியது. பிறகு துரு கலந்த செம்பட்டைத் தண்ணீர் தலையில் கொட்டியது, பழைய ஆணியை வாயில் போட்டது மாதிரி ருசி. சந்தனம் கரைந்து கண்ணில் எரிந்தது. அப்புறம்தான் தெளிந்தது. சேறும் இரத்தமும் குங்குமமும் பளிங்கில் ஓடிச் சல்லடையில் சுழன்று இறங்கின.

கதவு தடதடத்தது. "இந்தாடி, எம்மவன் பேசுறான்!" ஃபோனைக் கதவோடு வைத்துப் பிடித்திருக்கிறாள் போல. அவர் குரல் கேட்டது. "கனி, என்ன பண்ற?"

"குளிக்கிறேன். பம்புசெட்டுல இராஜாங்கம் ஃபோன்ல எடுக்குறான். இன்னைக்குப் பாத்தேன். உங்க அம்மாவும் தெனம் அங்கதான் குளிக்குது."

முடியில் ஒட்டியிருந்த சேற்றை அலசினேன்.

"கண்ணாடியில தெறிச்சுதா?" என்றார் அவர்.

என் காதில் விழுந்தது சரிதானா என்று தண்ணீரை நிறுத்தினேன்.

"இல்ல... அந்த நாய வந்து வச்சுக்குறேன். நீ கண்ணாடிய மட்டும் உடனே துணியால தொடச்சுடு. காஞ்சா போவாது."

"தொடைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி திருகினேன்.

வெளியே வந்ததும் அத்தை மஞ்சள்தண்ணீர்ச் செம்போடு நின்றாள். உள்ளே தெளித்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "என்னைய எவன் எடுப்பான். கெழட்டுக் கட்ட" என்றாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை மடிக்க உட்கார்ந்தாள். பூட்டு தரையில் கிடந்தது. சாவியை அவள் சுருக்குப்பையிலிருந்து நானே எடுத்தேன். அவள் தடுக்கவில்லை.

மறுநாள் நடவு முடிந்து நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். அத்தை பம்புசெட்டு வழியில் கொஞ்ச தூரம் போனாள். நாற்காலியில் இராஜாங்கம் உட்கார்ந்திருந்தார், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை நின்றாள். திரும்பி என் பின்னாலேயே வந்தாள்.

"மொதல்ல நீங்க போங்க" என்றேன்.

உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. வெகுநேரம் தண்ணீர் ஓடியது. கதவைத் திறந்தபோது ஈரப் பாவாடை நெஞ்சுக்கு மேலே இறுக்கிக் கட்டியபடி இருந்தது. அதிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டியது.

"உள்ள யாரு இருக்கா? ஏன் பாவாடையோட?"

அத்தை தரையைப் பார்த்தாள்.

"அவுத்துட்டுக் குளிக்க வரலடி எனக்கு."

நான் கொல்லைக்குப் போய், பம்புசெட்டு இருக்கிற திசையில் காறித் துப்பினேன்.